குழுவுக்குப் போகும் மசோதா





பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர், கடைசியில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுகிறார். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஊராட்சி போட்ட தார்ச்சாலைக்கு ஆன செலவு, ரேஷன் கடைக்கு வந்திறங்கிய அரிசியின் அளவு, பிள்ளையின் விடைத்தாள் நகல் என்று நம் வாசகர்களில் பலர் இந்தச் சட்டத்தைக் கையிலெடுத்துக் காரியம் சாதித்திருக்கிறீர்கள். 2004 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதா அதே வடிவத்தில் நிறைவேறியிருந்தால், தாலுகா அலுவலகத்துக்கு அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மனுகூடப் போட்டிருக்க முடியாது. மத்திய அரசின் அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றுதான் அது எழுதப்பட்டிருந்தது. தாலுகா அலுவலகம், ஊராட்சி, மின்வாரியம், அரசுப் பள்ளி எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டே, இந்தியாவிலேயே முதலாவதாக, ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்திருந்தது உண்மை. ஆனால் கொடுக்க வேண்டியதில்லை என்று அது விலக்கிவைத்த விஷயங்கள் ஏராளம்.

2004 டிசம்பர் மசோதாவுக்கும் 2005 மே மாதம் இரண்டு அவைகளிலும் நிறைவேறிய சட்டத்துக்கும் நடுவில் ஒரு குழு உட்கார்ந்தது. பணியாளர் நலன், பொதுமக்கள் குறைதீர்ப்பு, சட்டம், நீதி ஆகிய துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. அதன் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் இ.எம். சுதர்சன நாச்சியப்பன். அதிகாரிகளை அழைத்துக் கேட்டார்கள். தகவல் உரிமைக்காக வருஷக்கணக்கில் இயக்கம் நடத்தியவர்களின் வாதங்களையும் கேட்டார்கள். மாநில அரசுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2005 மார்ச்சில் அறிக்கை தந்தார்கள். அரசு அதை ஏற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு மசோதா திரும்ப அவைக்கு வந்தது. தகவல் தர மறுக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்ற ஏற்பாடும் நிறைவேறிய சட்டத்தில் இடம்பெற்றது.

சுதர்சன நாச்சியப்பனின் பெயரை இந்தச் சட்டத்தோடு சேர்த்து எத்தனை பேர் சொல்கிறோம்? குழுவில் நடக்கும் வேலைக்குப் புகைப்படம் கிடையாது, கைதட்டல் கிடையாது. அதனால்தான் அதைப் பற்றி இந்த இதழில் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

செய்தித்தாளில் நாம் பார்ப்பது இரண்டு தலைப்புகளை. ஒரு நாள் ‘மசோதா தாக்கல்’. பிறகு ஒரு நாள் ‘மசோதா நிறைவேறியது’. தாக்கல் என்பது அவையில் ஒரு நிமிடக் காரியம். அமைச்சர் எழுந்து மசோதாவை அறிமுகப்படுத்த அனுமதி கோருகிறார். சபாநாயகர் அவையைக் கேட்கிறார். ஆதரவுக் குரல் எழுகிறது. அமைச்சர் ‘அறிமுகப்படுத்துகிறேன்’ என்று சொல்லி உட்காருகிறார். இதற்கு முதல் வாசிப்பு என்று பெயர் இருந்தாலும் எதையும் யாரும் வாசிப்பதில்லை. மசோதா அரசிதழில் வெளியாகிறது. எதிர்க்க விரும்பும் உறுப்பினர் அன்று காலை 10 மணிக்குள் எழுதிக் கொடுத்தால், தன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இப்படிப்பட்ட சட்டத்தை இயற்ற இந்த அவைக்கே அதிகாரம் இல்லை என்று வாதிட்டால், முழு விவாதத்துக்கே சபாநாயகர் அனுமதி தர முடியும். ஆனால் அறிமுக நிலையில் வாக்கெடுப்பு வரை போவது அபூர்வம். 2024 டிசம்பர் 17 அன்று போனது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தலாமா என்பதற்கே 269 பேர் ஆதரவாகவும் 198 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அது பிறகு 39 உறுப்பினர்கள் கொண்ட கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

அறிமுகமான மசோதாவுக்கு அங்கிருந்து சில பாதைகள் உண்டு. நேராக விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே அவையின் உறுப்பினர்களைக் கொண்ட தேர்வுக்குழுவுக்கு அனுப்பலாம். இரு அவைகளையும் சேர்த்த கூட்டுக்குழுவுக்கு அனுப்பலாம். மக்கள் கருத்தை அறிய நாடு முழுவதும் சுற்றுக்கு விடலாம் என்பதும் விதியில் இருக்கிறது. அந்தப் பாதையில் இப்போது புல் முளைத்துவிட்டது. இவற்றோடு, மக்களவைத் தலைவரோ மாநிலங்களவைத் தலைவரோ தாமாகவே சம்பந்தப்பட்ட துறையின் நிலைக்குழுவுக்கு அனுப்பிவைக்கலாம். எல்லாமே ‘லாம்’தான். அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அரசு விரும்பினால் போகும், விரும்பாவிட்டால் போகாது என்பதே நடைமுறை. என் மனக்குறை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

நிலைக்குழுக்கள் பழையவை என்று நினைத்துவிட வேண்டாம். 1989இல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் என்று மூன்று துறைகளுக்கு மட்டும் சோதனையாகத் தொடங்கினார்கள். 1993இல் எல்லா அமைச்சகங்களையும் உள்ளடக்கி 17 குழுக்கள் வந்தன. 2004இல் அது 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கூட்டங்கள் பெரும்பாலும் நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தின் அறைகளில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கின்றன.

கதவைச் சாத்துவது மக்களிடமிருந்து மறைப்பதாகாதா என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் சாத்திய கதவால் நன்மை அதிகம் என்று நான் நம்புகிறேன். கேமரா இல்லாத அறையில் உறுப்பினர் தொகுதிக்காக முழங்க வேண்டியதில்லை. கொறடா உத்தரவு அங்கே செல்லாது. அவையில் கட்சி சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் பதவி போகும். குழுவில் அந்தப் பயம் கிடையாது. ஆளுங்கட்சி உறுப்பினர் தன் அரசின் துறைச் செயலாளரைப் பார்த்து, “இந்தப் பிரிவை எதற்காக வைத்தீர்கள்?” என்று கேட்கலாம். செயலாளர் பதில் சொல்லியாக வேண்டும். அறிக்கையோடு உடன்படாத உறுப்பினர் தன் மாற்றுக் கருத்தை எழுதித் தந்தால், அதையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். அந்த மாற்றுக் கருத்துப் பக்கங்களைப் படிக்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு, முக்கியமாகச் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு, நான் சிபாரிசு செய்கிறேன்.

குழு என்ன மாற்றிவிடும் என்று கேட்பவர்களுக்கு வாடகைத் தாய் சட்டத்தைக் காட்டலாம். அந்த மசோதா 2019 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியபோது, வாடகைத் தாயாக இருப்பவர் குழந்தை வேண்டும் தம்பதியின் நெருங்கிய உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றது. நம் குடும்பங்களை அறிந்த யாருக்கும் இதன் விபரீதம் உடனே புரியும். நாத்தனாரையும் ஓரகத்தியையும் கூடப்பிறந்தவளையும் மொத்தக் குடும்பமும் சேர்ந்து நெருக்கினால் ‘மாட்டேன்’ என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? சொன்னால் அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்வாள்? பணத்துக்காகப் பெண்களைச் சுரண்டுவதைத் தடுக்க வந்த மசோதா, பாசத்தின் பெயரால் நடக்கும் நெருக்கடிக்கு வாசல் திறந்து வைத்திருந்தது. குழந்தைக்காகக் கணவனும் மனைவியும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கணவனை இழந்தவர்களுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் அதில் இடமே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் மாநிலங்களவை அதைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பியது. பூபேந்தர் யாதவ் தலைமையிலான அந்தக் குழு, மூன்று மாதத்துக்குள், 2020 பிப்ரவரி 5 அன்று அறிக்கை தந்துவிட்டது. நெருங்கிய உறவினர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, மனமுவந்து முன்வரும் பெண் என்று ஆக்கச் சொன்னது. ஐந்து வருடக் காத்திருப்பை நீக்கச் சொன்னது. 35 முதல் 45 வயதுக்குட்பட்ட, கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற பெண்களும் வாடகைத் தாய் முறையில் பிள்ளை பெறலாம் என்றது. வாடகைத் தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்தச் சொன்னது. 2021 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இவற்றை ஏற்றுக்கொண்டது. குழுவின் தலைவர் ஆளுங்கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். தன் அரசு கொண்டுவந்த மசோதாவை அவரால் இவ்வளவு தூரம் மாற்றச் சொல்ல முடிந்தது. அரசும் அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு சான்று புதிய வருமான வரிச் சட்டம். 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதா, 31 பேர் கொண்ட தேர்வுக்குழுவுக்குப் போனது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான குழு ஜூலையில் 285 பரிந்துரைகளோடு திரும்பி வந்தது. அதில் ஒன்று நம் வாசகர்களில் ஓய்வூதியம் வாங்குபவர்களைத் தொடும். கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குப் பிடித்த வரி திரும்பக் கிடைக்காது என்று பொருள்படும் ஒரு பிரிவு மசோதாவில் இருந்தது. வங்கி வைப்புத்தொகை வட்டியில் பிடித்த சில ஆயிரம் ரூபாயை, உடம்பு சரியில்லாமல் தாமதமாகிவிட்டால், ஒரு முதியவர் இழக்க நேர்ந்திருக்கும். குழு அதை நீக்கச் சொன்னது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, பரிந்துரைகளைச் சேர்த்துப் புதிதாக எழுதி ஆகஸ்டில் நிறைவேற்றியது. தைத்து முடிப்பதற்கு முன் அரைத் தையலில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது போன்ற காரியம் இது. எங்கே பிடிக்கிறது என்று உடுத்தப்போகிறவர்தான் சொல்ல முடியும்.

இப்படிப் போட்டுப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை மூன்று வேளாண் சட்டங்கள் காட்டிவிட்டன. 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பர் 14 அன்று மசோதாக்களாக மக்களவையில் அறிமுகமாயின. அவற்றில் முக்கியமான இரண்டும் மூன்றே நாளில், 17ஆம் தேதி, அங்கே நிறைவேறின. 20ஆம் தேதி மாநிலங்களவையில், தேர்வுக்குழுவுக்கு அனுப்பக் கோரிய எதிர்க்கட்சிகளின் கோரிக்கை குரல் வாக்கெடுப்பில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. பிறகு நடந்தது நாம் எல்லோரும் பார்த்தது. டெல்லியின் எல்லைகளில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்து, விவசாயிகளின் கருத்தைக் கேட்க ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நாடாளுமன்றம் நான்கு மாதம் முன்பு அமைத்திருக்க வேண்டிய குழுவை நீதிமன்றம் அமைக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மூன்று சட்டங்களும் ஒரே நாளில் இரு அவைகளிலும், விவாதம் இல்லாமல், ரத்துசெய்யப்பட்டன. இயற்றும்போதும் போதிய பேச்சு இல்லை, விலக்கும்போதும் பேச்சே இல்லை. அந்தச் சட்டங்களை ஆதரித்தவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். அவர்களுடைய வாதமும் முழுதாகக் கேட்கப்படவில்லை.

பி.ஆர்.எஸ். என்ற சட்ட ஆய்வு அமைப்பு ஒவ்வொரு மக்களவையிலும் எத்தனை மசோதாக்கள் குழுவுக்குப் போயின என்று கணக்கு வைத்திருக்கிறது. 2004 முதல் 2009 வரை 60 விழுக்காடு. அடுத்த ஐந்தாண்டில் 71. 2014க்குப் பிறகு அது ஏறத்தாழ கால்பங்காகச் சரிந்தது. 2019 முதல் 2024 வரையிலான மக்களவையில் 16. இந்தச் சரிவு எனக்குக் கவலை தருகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கவலையைச் சொல்வேன். நாளை வேறு கட்சி ஆட்சிக்கு வந்து, ‘அவர்கள் செய்யவில்லையா’ என்று கேட்டால், அப்போது சுட்டிக்காட்ட ஒரு வழக்கம் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

குழுவுக்கு அனுப்பினால் தாமதமாகும் என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை எடுத்துக்கொள்வோம். 1996 செப்டம்பர் 12 அன்று அறிமுகமானது. கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. டிசம்பர் 9 அன்று, மூன்று மாதம்கூட ஆகாமல், அறிக்கை வந்துவிட்டது. 2008இல் மறுபடி ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. நிலைக்குழு ஆராய்ந்து 2009 டிசம்பரில் அறிக்கை தந்தது. அப்போது குழுவின் தலைவர் ஜெயந்தி நடராஜன். 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. 2014இல் காலாவதியானது. 2023 செப்டம்பரில் புதிய கட்டடத்தின் முதல் மசோதாவாக வந்து, குழுவுக்குப் போகாமலேயே மூன்று நாளில் நிறைவேறியது. ஆனாலும் தொகுதி மறுவரையறைக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இந்த 27 வருடத் தாமதத்தில் குழுக்கள் எடுத்துக்கொண்ட காலம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மிச்சக் காலத்துக்கு அரசியல் கட்சிகள்தான் பொறுப்பு.

குழுவுக்குப் போவது மட்டும் போதாது, எந்தக் குழுவுக்கு என்பதிலும் கண் வைக்க வேண்டும். 2023இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா வந்தபோது, சுற்றுச்சூழல் துறையைக் கவனிக்க ஏற்கெனவே ஒரு நிலைக்குழு இருந்தது. தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெய்ராம் ரமேஷ். மசோதா அங்கே போகாமல் புதிதாக அமைத்த கூட்டுக்குழுவுக்குப் போனது. அவர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். கூட்டுக்குழு எந்த மாற்றமும் சொல்லாமல் மசோதாவைத் திருப்பிக் கொடுத்தது. 2024இல் வக்ஃபு திருத்த மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனதை எல்லோரும் வரவேற்றோம். அங்கேயோ எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தந்த திருத்தங்கள் அனைத்தும் வாக்கெடுப்பில் தோற்றன, ஆளும் கூட்டணியினர் தந்தவை ஏற்கப்பட்டன. அவையின் எண்ணிக்கை பலத்தை அப்படியே குழு அறைக்குள் தூக்கிக்கொண்டு போனால், சாத்திய கதவால் கிடைக்கும் நன்மை கரைந்துவிடும்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் முயற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அமைச்சர் அல்லாத உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். தனிநபர் மசோதா என்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கான நேரம். ஊருக்குப் போகும் அவசரத்தில் பல உறுப்பினர்கள் கிளம்பிவிடும் வேளை. 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை. திருநங்கைகளையும் திருநம்பிகளையும் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களுடைய உரிமைகளுக்காகத் திருச்சி சிவா ஒரு தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார். 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை நிறைவேற்றியது. திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலத்திலிருந்து போன குரல் அது.

அந்த மசோதா மக்களவையில் சட்டமாகவில்லை. அரசு 2016 ஆகஸ்டில் தானே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத என்று மனிதர்களைப் பாதிகளாக வரையறுத்தது அந்த மசோதா. சமூக நீதித் துறை நிலைக்குழு ஆராய்ந்து, 2017 ஜூலையில் தந்த அறிக்கையில் அந்த வரையறையைக் கண்டித்தது. பிறகு வந்த திருத்தங்களில் அந்தச் சொற்கள் போயின. ஒருவரின் பாலினத்தை மாவட்டக் குழு ஒன்று சோதித்துச் சான்று தரும் என்றிருந்த ஏற்பாடும் 2019 மசோதாவில் இல்லை. ஆனால் குழு சொன்ன வேறு பலவற்றை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. 2019 நவம்பரில் மாநிலங்களவையில் அந்த மசோதாவைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பும்படி அதே திருச்சி சிவா தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது. தங்களைப் பற்றிய சட்டத்தில் தங்கள் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் அந்தச் சமூகத்தில் பலருக்கு இன்றும் உண்டு. எனக்கும் உண்டு.

இனி நாம் செய்யக்கூடியது. குழுவுக்கு ஒரு மசோதா போனதும், கருத்துச் சொல்ல விரும்புவோர் எழுதலாம் என்று நாடாளுமன்றச் செயலகம் விளம்பரம் வெளியிடும். செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் வரும். பெரும்பாலும் இரண்டு வார அவகாசம்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம். வழக்கறிஞராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. விருப்பம் தெரிவித்தால் நேரில் அழைக்கப்படவும் வாய்ப்பு உண்டு. எழுதியதெல்லாம் குழுவின் பதிவேட்டில் சேரும். ஒரு செவிலியர், ஒரு மீனவர், ஒரு சிறுதொழில் நடத்துபவர் தன் அனுபவத்திலிருந்து எழுதும் ஒரு பக்கம், நிபுணர் எழுதும் நாற்பது பக்கத்தில் இல்லாத ஒன்றை உறுப்பினருக்குச் சொல்லும்.

இதில் நமக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. மசோதா ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. கருத்தையும் அந்த இரண்டு மொழிகளில் ஒன்றில்தான் கேட்கிறார்கள். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அந்த இரண்டு வாரத்தில் மசோதாவைப் புரிந்துகொள்ளவே வழியில்லை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வெளியானபோது இதே பிரச்சினை எழுந்தது. அது மசோதா அல்ல, அரசின் அறிவிக்கை. ஆனாலும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அறிவிக்கைக்குச் செய்ய முடியும் என்றால் மசோதாவுக்கும் செய்ய முடியும். மசோதா அறிமுகமாகும் நாளிலேயே தமிழ் வடிவமும் வெளியாக வேண்டும், தமிழில் எழுதும் கருத்தைக் குழு ஏற்க வேண்டும் என்று நம் இதழ் இரு அவைகளின் தலைவர்களுக்கும் எழுதப்போகிறது. தமிழ்நாட்டின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் அதன் நகல் போகும். அவர்களில் பலர் நிலைக்குழுக்களில் இருக்கிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது சாலையையும் ரயில் நிறுத்தத்தையும் கேட்பதோடு, “உங்கள் குழுவில் இப்போது என்ன மசோதா இருக்கிறது?” என்றும் கேளுங்கள்.

அடுத்த இதழிலிருந்து ‘மசோதாப் பக்கம்’ என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். நாடாளுமன்றத்தில் புதிதாக அறிமுகமான மசோதாக்கள், அவற்றின் சாரம் எளிய தமிழில், எந்தக் குழுவுக்குப் போயிருக்கிறது அல்லது போகவில்லை, குழுவில் இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் யார், கருத்து எழுதக் கடைசித் தேதி எது என்ற விவரங்கள் அதில் இருக்கும். நீங்கள் தமிழில் எழுதி அனுப்பும் கருத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் குழுவுக்குச் சேர்ப்பிக்கவும் ஏற்பாடு செய்கிறோம். இதற்குச் சட்டம் தெரிந்தவர்களும் மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களும் தேவை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நீதிமன்றப் பணியாளர்கள், இளம் வழக்கறிஞர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உறையின் மேல் ‘மசோதாப் பக்கம்’ என்று குறிப்பிட்டால் நேராக என் மேசைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்